டாலிகஞ்சில் மின்சாரம் தயாரித்த மின்விசிறி

புதன், காலை 6.40. சென்னையிலிருந்து ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உட்கார்ந்தே வந்து ஹவுராவில் இறங்கியபோது முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆண்டு 2004. ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம். தங்கவேண்டிய வீடு இருந்த டாக்குரியாவுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், டாக்சிக்கு நூற்றுப் பத்து ரூபாய். வழியெல்லாம் அள்ளாத குப்பை. ஏன் என்று ஓட்டுநரைக் கேட்டேன். "கால் பந்த்" என்றார். 'கால்' என்றால் நாளை என்று எங்கோ கேட்டிருந்ததால், நாளைக்குக் கடையடைப்பு போலிருக்கிறது என்று பயந்து, வண்டியை நிறுத்தி இரண்டு ரொட்டியும் ஒரு டஜன் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் எல்லாக் கடையும் திறந்திருந்தது. யாரிடமும் விசாரிக்கத் தெம்பில்லாமல் வாழைப்பழத்தைத் தின்றேன்.

நான் திருநெல்வேலியில் பாலிடெக்னிக் கணித ஆசிரியன். என்னை வரவழைத்தவள் கல்யாணி, என் பள்ளித் தோழனின் மகள். அவன் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் வேலை கிடைத்து வந்தவன்; அவள் இங்கேயே பிறந்தவள். டாலிகஞ்சில் ஒரு காலனி மன்றத்தில் காலை, மாலை என்று இரண்டு வகுப்பாகப் பெண்களுக்குக் கணினி சொல்லித் தருகிறாள். மன்றத்தின் மாடியில் காலனிக்காரர்கள் கூடி வாங்கிய நான்கு சூரியத் தகடுகள், கீழே ஒரு பேட்டரி. பேட்டரி முழுவதும் தொலைக்காட்சிக்கே வேண்டும் என்பது மன்றத்து ஆண்களின் கட்சி. சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது. எல்லாவற்றுக்கும் மின்சாரம் போதும் என்று கணக்கில் காட்டாவிட்டால் கணினி வகுப்பு மூடப்படும்.

வியாழன், மாலை 4.00. டாக்குரியாவிலிருந்து இரண்டு ஆட்டோ மாறி, ஆளுக்கு எட்டு ரூபாய். இரண்டு வகுப்பிலிருந்தும் எட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். மீட்டர் மூன்றையும் சேர்த்துத்தான் காட்டும். எனவே விளக்கு, விசிறி, கணினி ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர் என்பதே தெரியாத மூன்று எண்கள். ஒவ்வொரு நாளும் எது எத்தனை மணி நேரம் ஓடியது, மீட்டர் என்ன காட்டியது என்று இரண்டு வாரமாகத் தாளில் குறித்திருந்தார்கள். அவற்றைக் கணினியில் கட்டம் கட்டமாக ஏற்றினால் அதுவே கணக்கில் சொல்லும் அணி, மேட்ரிக்ஸ். வங்காளத்தில் தண்ணீரையும் 'சாப்பிடுகிறார்கள்', சிகரெட்டையும் 'சாப்பிடுகிறார்கள்'. அதனால் "விசிறி எவ்வளவு கரண்ட் சாப்பிடுது?" என்று கல்யாணி பெயர்த்ததுமே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வெள்ளி, பிற்பகல் 3.00. பேட்டரியைச் சேமிக்க விசிறி போடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மன்றத்திலேயே தையல் வேலையும் செய்யும் ஷெஃபாலி விடையை எழுதி நீட்டினாள். படிகளைப் பார்த்தேன், எல்லாம் சரி. டிக் போட்டேன். எனக்குக் கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருந்தது.

ஷெஃபாலி தாளை வாங்கவில்லை. ஏதோ சொல்ல, அறையே சிரித்தது.

"என்னம்மா?" என்று கல்யாணியைக் கேட்டேன்.

"மாமா, விசிறிக்கு மைனஸ் ரெண்டு வந்திருக்குல்ல? அது கரண்ட் சாப்பிடலையாம், நமக்குத் தருதாம். அப்ப இன்னும் நாலு விசிறி மாட்டிட்டா பேனலே வேண்டாமேங்கறாங்க ஷெஃபாலி தீதி."

என் டிக்கைப் பார்க்க வெட்கமாக இருந்தது. குறிப்புத் தாள்களைத் திரும்ப எடுத்தேன். எல்லாவற்றின் தலைப்பிலும் ஒரே வங்காளச் சொல்.

"இது என்ன?"

"கால், மாமா. நேத்துன்னு அர்த்தம். நேத்து எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு எழுதச் சொன்னேன்."

மாலை வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்தாள். "நா, நா! கால் மானே ஆகாமி கால்!"

கல்யாணி தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, நாளைக்குன்னு நினைச்சிருக்காங்க. இங்க ரெண்டுக்கும் கால்தான் மாமா."

காலை வகுப்பு முந்தின நாள் ஓடியதை எழுதியிருந்தது. மாலை வகுப்பு மறுநாள் ஓட்டப்போவதை எழுதியிருந்தது. தமிழில் கால் என்றால் எனக்கு வலிக்கிற இரண்டு. இங்கே நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். என் வாழைப்பழத்துக்கும் அப்போதுதான் காரணம் விளங்கியது: ஓட்டுநர் சொன்ன பந்த் முந்தின நாளே முடிந்திருந்தது. சொன்ன நேரக்கணக்கை அவர்கள் ஒரு நிமிடமும் மீறவில்லை என்பதால், மாலை வகுப்பு எழுதிய மணி நேரங்களைச் சரியான தேதிக்கு நகர்த்தினால் போதுமாயிருந்தது. விளக்குகளுக்கு இரண்டு ஆம்பியர், விசிறிக்கு மூன்று, கணினிக்குப் பத்து. மூன்று முறை சரிபார்த்தோம்.

சனி, காலை 11.00. கமிட்டியில் கல்யாணி பேசவில்லை, நானும் பேசவில்லை, ஷெஃபாலி பேசினாள். பேட்டரி நாளொன்றுக்கு ஐம்பது ஆம்பியர்-மணி தரும். வகுப்பும் தையலும் நாற்பது சாப்பிடும். மிச்சம் பத்தில் தொலைக்காட்சி இரண்டு மணி நேரம் ஓடும். செயலாளர் தாதா, அதாவது அண்ணன், தாளை முன்னும் பின்னும் புரட்டினார். நம்பாமல் அவரே கூட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டீக் ஆச்சே. கால் தேகே." சரி, நாளையிலிருந்து.

"கோன் கால்?" என்றாள் ஷெஃபாலி. எந்தக் கால்? தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

ஞாயிறு. திரும்பும் ரயிலில் மேல் படுக்கை கிடைத்தது. ஏறுவதற்குள் முழங்கால் உயிரை வாங்கிவிட்டது. தூக்கம் வரவில்லை. ஊரில் என் மாணவர்கள் விடையின் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். விடை தப்பானால் அங்கே யாருடைய விளக்கும் அணையாது. இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். படிகள் சரியாக இருந்ததால், எத்தனை மைனஸ் இரண்டு விசிறிகளுக்கு முழு மதிப்பெண் போட்டேனோ தெரியவில்லை.