தொட்டி நடுவின் ஆழம்

நான் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். தெளியவைக்கும் தொட்டியின் தண்ணீரை வடித்துவிட்டோம். அடியில் படிந்த சேற்றை வாருவதற்கு இரணியலிலிருந்து தங்கப்பன் அண்ணன் வந்திருந்தார்.

“எவ்வளவு ஆழம் கெடக்கு சாரே?” என்று கேட்டார்.

தொட்டியின் நடுவில் பெரிய குழி உண்டு. அங்கே கம்பு விட்டு அளக்க வேண்டும். வெயிலுக்குச் சோம்பல்பட்டு, ஓரத்தில் மட்டும் குத்திப் பார்த்திருந்தேன்.

“முட்டளவுதான் அண்ணே, எறங்குங்க.”

நடுவை நெருங்கியதும் கழுத்துவரை புதைந்தார். என்னைத்தான் பார்த்தார். நாங்கள் கயிறு போடுவதற்குள் சேறு அவரை மூடிவிட்டது.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். “ஆழம் கேக்காமலா எறங்குனாரு சாரே?” என்று அவர் மனைவி கேட்டார்.

“ஆமாக்கா” என்றேன்.

அன்றிலிருந்து அந்த அக்கா செத்தவரைத்தான் குறை சொல்கிறார். தங்கப்பன் அண்ணன் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்கினார்.