பேச முடியாமல் போன கிறிஸ்துமஸ்

போன வருஷம் கிறிஸ்துமஸ் நெருங்கின சமயத்தில் கர்த்தர் எனக்குச் செய்ததை என்னால் மறைத்து வைக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஹெலன். ஊர் கருங்கல் பக்கம். பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் சபையின் பாடகர் குழுவையும் நான்தான் நடத்துகிறேன். நவம்பர் கடைசியில் குரல் கம்ம ஆரம்பித்தது. சளிதான் என்று நினைத்து சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் குடித்தேன். டிசம்பர் பிறந்தும் சரியாகவில்லை. நின்று பார்க்கவும் நேரம் இல்லை.

எங்கள் பக்கத்து டிசம்பர் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பள்ளியில் அரையாண்டுப் பரீட்சை. சாயங்காலம் பாட்டுப் பயிற்சி. அது முடிந்தால் வீடு வீடாகப் போய்க் கேரல் பாட்டு. நடுவில் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பயறு வறுக்கணும், வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். தேங்காய் துருவிக்கொண்டே ஜெபிப்பேன். பஸ்ஸில் நின்றுகொண்டே ஜெபிப்பேன். ஆண்டவருக்காகத்தானே ஓடுகிறேன், அவருக்குத் தெரியாதா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

ஒரு நாள் பயிற்சியில் பாட்டெடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றேன். அப்போதும் காற்றுதான். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். குழுவில் ஆல்ட்டோ குரல் பாடும் செலின் வந்து என் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

மறுநாள் என் கணவர் ராஜன் என்னை நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் ஒரு வளர்ச்சி இருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அதுவரை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார். பரிசோதனை எதற்கு என்று ராஜன் கேட்டார். கெட்ட கட்டி இல்லை என்று உறுதி செய்யத்தான் என்றார் டாக்டர். என் அப்பா தொண்டையில் வந்த புற்றுநோயில்தான் இறந்தார். திரும்பி வரும்போது வழியெல்லாம் நட்சத்திர விளக்குகள். எனக்கு ஒன்றுமே கண்ணில் படவில்லை. அழுகை முட்டியது. "வாயத் திறந்து மிண்டாதே ஹெலனே, அழவும் செய்யாதே, தொண்டைக்கு ஆகாது" என்று மட்டும் சொன்னார் ராஜன்.

பள்ளிக்கு லீவு போட்டேன். பாடகர் குழுவை செலின் ஏற்றுக்கொண்டாள். காலையில் ராஜன் கடைக்குப் போய்விடுவார், மகள் அபிஷா காலேஜுக்குப் போய்விடுவாள். ஊரே ஓடுகிற மாதத்தில் எனக்கு மட்டும் ஓட ஒன்றும் இல்லை. மாடிக்குப் போய் உட்காருவேன். கட்டி நல்லதாக இருக்கட்டும், ஆண்டவரே, என் குரலைத் தாரும் என்று மனதுக்குள் கெஞ்சுவேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்வேன். முடிக்கும்போது பயம் கூடித்தான் இருக்கும். அவர் கேட்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு காலையில் கேட்பதற்கும் தெம்பு இல்லை. ரப்பர் மரங்களுக்கு மேல் மூடல்மஞ்சு புகை மாதிரி இறங்கியிருந்தது. இலையிலிருந்து பனித்துளி சொட்டும் சத்தம் கேட்டது. நான் இங்கே இருக்கிறேன் ஆண்டவரே என்று மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ ரொம்ப நாளாக என்னோடு இருக்க ஆசைப்பட்டு, இப்போதுதான் இடம் கிடைத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. தரிசனம் ஒன்றும் காணவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் தனியாக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதன் பிடி தளர்ந்தது. அதற்குப் பிறகு விடிந்ததும் நான் முதலில் தேடிப் போனது மாடியைத்தான்.

ஆபரேஷன் நாள் வந்தது. தியேட்டருக்குக் கூட்டிப்போக நர்ஸ் வந்து நின்றாள். எங்கள் வீட்டில் வாய்விட்டு ஜெபிப்பது எப்போதும் நான்தான். ராஜன் தவறாமல் ஆலயத்துக்கு வருவார், பின்பெஞ்சில் உட்காருவார், ஆமென் சொல்வார். அதோடு சரி. அவர் ஒரு நாளாவது ஜெபிக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலிருந்தே நான் வேண்டியிருக்கிறேன். அன்றைக்கு என்னால் பேச முடியாது. அபிஷா அப்பாவைப் பார்த்தாள். அவர் என் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார்.

"ஆண்டவரே, இவள உள்ள கொண்டு போறாவ. எங்கள விடமாட்டாவ. நீரு கூடப் போவும். எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது. ஆமென்."

என் கண்ணீர் காதுக்குள் வழிந்தது. இனி என்ன முடிவு வந்தாலும் தாங்கிக்கொள்வேன் என்று அந்த நிமிஷம் தோன்றியது. சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் பேசக்கூடாது என்பதால் ராஜன்தான் எடுத்தார். கேட்டுவிட்டு வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தலையைத் தூக்கி, "கெட்டது ஒண்ணும் இல்லையாம் மக்கா" என்றார். கர்த்தருக்கே மகிமை.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் பாடகர் குழுவோடு நிற்காமல், பல வருஷங்களுக்குப் பிறகு சபையாரோடு உட்கார்ந்தேன். செலின் அழகாக நடத்தினாள். பாட்டை நடத்தும் கவலை இல்லாமல் ஒவ்வொரு வரியையும் எனக்காகவே பாடுகிறார்கள் என்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். தை மாதத்துக்குள் குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. முன்பு எட்டின உச்சம் இப்போது எட்டாது. அதைப்பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

இந்த வருஷமும் டிசம்பர் வந்துவிட்டது. வேலையும் குறையவில்லை. பயிற்சியில் பாதியை செலினுக்குக் கொடுத்திருக்கிறேன். விடியும்போது கொஞ்ச நேரம் மாடியில் இருந்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். சாயங்கால ஜெபத்தை ராஜன் செய்கிறார். இன்றைக்கும் நாலு வரிக்கு மேல் போகாது. எனக்கு அது போதும்.

இதை வாசிக்கிற உங்களுக்கும் இந்த மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது என்று தெரியும். பலகாரம் ஒரு வகை குறைந்தால் குறையட்டும். அந்தக் கொஞ்ச நேரத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்காருங்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்குப் பேச்சே இல்லாதபோதுதான் அவர் வந்து உட்கார்ந்தார். உங்களிடமும் வருவார்.