பினாங்குக்கு முன்னால் கிளம்பிய மூட்டை

எனக்கு வயசு எழுபத்தொன்பது. பெற்றது ஆறு, நின்றது நாலு. மாமியார் விட்டுப்போன கொழுந்தனையும் நாத்தனாரையும் சேர்த்தால் வளர்த்தது ஆறு. ஆறு பேரும் குறையில்லாமல் இருக்கிறார்கள். எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் எங்கள் தெருவில் அந்தக் காலத்திலேயே கப்பல் ஏறிய பொம்பளை நான் ஒருத்திதான். போகாதவர்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். எழுத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தால் படிக்கிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அது எழுபத்தாறாம் வருஷம், மாசி மாசம். என் மூத்த பெண் மல்லிகாவைப் பினாங்கில் கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்திருந்தோம். அவளுக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வரவேண்டிய பெண்ணை, அந்த மாசத்தில் கப்பல் ஏற்ற டாக்டர் ஒப்பவில்லை. அங்கே அவளுக்கு மாமியாரும் இல்லை. பெண் வரமுடியாவிட்டால் தாய்வீடு அவளிடம் போகட்டும் என்று நான் கிளம்பினேன். கப்பல் எப்போதோ ஒரு தடவைதான். இதை விட்டுவிட்டு அடுத்ததில் போனால் குழந்தை தொட்டிலில் இருக்கும். என் பெண் கையைப் பிடிக்க ஆளில்லாமல் பெற்றிருப்பாள்.

வீட்டுக்காரருக்கு அறுப்பு வேலை. ஏற்றிவிட என் கொழுந்தன் வேலு வந்தான். பால்பல் விழாத வயசில் என் கைக்கு வந்த பிள்ளை. அப்போது கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். சம்பளம் கைக்கு வந்ததும் வாயும் நீண்டுவிட்டது. அவன்தான் முன்னாடியே பட்டணம் போய், துறைமுகத்துக்குக் கிட்டே இருக்கிற மண்ணடியில் ஒரு லாட்ஜில் ரூம் சொல்லிவைத்தான். ஒரு நாளைக்கு ஆறு ரூபாய். கப்பல் போகிற நாளில் மண்ணடி நிரம்பி வழியுமாம். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வராவிட்டால் ரூம் வேறு ஆளுக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

கப்பல் ஞாயிற்றுக்கிழமை. அதனால் சனிக்கிழமை கிளம்ப வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது.

"சனிக்கெழம கெழக்க சூலம்டா. பட்டணம் நமக்குக் கெழக்கதான கீது?" என்றேன்.

"அண்ணி, கப்பலு ஓட்றவனுக்கு சூலம்னா இன்னான்னே தெரியாது," என்றான் வேலு.

"அதான் அவன் ஊடு வந்து சேராம தண்ணியிலயே கெடக்கிறான்."

"அப்ப வெள்ளிக்கெழமயே போயிடலாம்."

"வெள்ளிக்கெழம பொம்பள வாசப்படி தாண்டி ஊர் போவாளா? பேசுறான் பாரு."

வழி ஒன்று இருந்தது. பரஸ்தானம். இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்கிறேன். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் நம் மூட்டை ஒன்றைப் போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மூட்டை போனால் நாமே போன மாதிரி. அப்புறம் எந்த நாளில் கிளம்பினாலும் குற்றமில்லை. ஒன்று மட்டும் உண்டு: பயணத்துக்கு என்று எடுத்த மூட்டை திரும்ப வாசல் ஏறக்கூடாது. ஏறினால் பயணமும் திரும்பிவிடும்.

எங்கள் ஊர் கடம்பத்தூருக்குக் கிழக்கே ஐந்து மைலில் திருவள்ளூர். அங்கே கோயில் தெருவில் எங்களுக்கு நாள் பார்த்துச் சொல்கிற ஐயங்கார் சாமி இருந்தார். பெருமாள் கோயிலில் கைங்கர்யம் செய்கிறவர். வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் சைக்கிளில் போய் மூட்டையை அவர் வீட்டு ரேழியில் வைத்துவிட்டு வந்தார். "சனிக்கிழமை நானே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து கொடுக்கறேன், கன்னியம்மாவை வண்டியை விட்டு எறங்க வேண்டாம்னு சொல்லு," என்று சாமி எனக்குச் சொல்லியனுப்பினார்.

சனிக்கிழமை காலை கடம்பத்தூரில் பாசஞ்சர் ஏறினோம். கரி வண்டி. பட்டணத்துக்கு முப்பது மைலுக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட்டு ஆளுக்கு ஒன்றரை ரூபாய்க்குள்தான். டிரங்குப் பெட்டியில் பிள்ளை பெற்றவளுக்கான சுக்கு, திப்பிலி, பூண்டு லேகியம் எல்லாம் வைத்திருந்தேன். வண்டி திருவள்ளூர் வந்து நின்றது. பிளாட்பாரத்தைப் பார்த்ததும்தான் எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அமாவாசை! அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நோய் கரையட்டும் என்று வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க எந்தெந்த ஊரிலிருந்தோ வந்த கூட்டம். எள் போட்டால் கீழே விழாது.

வேலு வாசலில் தொங்கிக்கொண்டு "சாமீ! சாமீ!" என்று கத்தினான். அமாவாசைக் கூட்டத்தில் யார்தான் சாமி இல்லை? பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் சாமியைக் காணோம். வண்டி கூவிவிட்டுப் புறப்பட்டது.

"வுடு அண்ணி. பழைய பொடவதான? அப்புறம் வாங்கிக்கலாம்," என்றான் வேலு.

"பொடவக்குள்ள பாஸ்போர்ட்டு கீதுடா. கப்பல் டிக்கெட்டும், அம்மை ஊசி போட்ட சீட்டும்."

அவன் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியாது. "இன்னாது? அதெல்லாம் எதுக்கு அதுல கட்டின?"

"வெறும் கந்தல வச்சா கெரகம் ஏமாந்துருமா? எது இல்லாம பயணம் நடக்காதோ அத்தத்தான் வைக்கணும்."

வேலு தலையில் கை வைத்துக்கொண்டான். "மாப்ளய ஊட்டுல வுட்டுட்டு ஊர்கோலம் போறோமே அண்ணி!" எதிர் சீட்டில் கீரைக்கூடையோடு இருந்த அம்மாள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மல்லிகாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

செவ்வாப்பேட்டையில் வண்டி நின்றது. வேலு லாட்ஜ் விலாசம் எழுதிய காகிதத்தை என் கையில் திணித்தான். "நான் எதிர் வண்டியப் புடிச்சி திரும்பிப் போறேன். நீ நேரா லாட்ஜுக்குப் போயிடு. ரூமு போயிட்டா ராத்திரி தெருவுலதான்," என்று சொல்லிக் குதித்துவிட்டான்.

அதுவரை நான் தனியாகத் திருவள்ளூர் சந்தைக்குக்கூடப் போனதில்லை. ஆனால் பயம் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஆவடி தாண்டியதும் பார்க்கப் பார்க்கக் கண் போதவில்லை. புகைக் குழாய்கள், நம் தென்னை மரத்தைப் போல நாலு மடங்கு உயரம். பெரம்பூருக்கு அப்பால் தண்டவாளங்கள் ஒன்றுக்குள் ஒன்று போய், பிரிந்து, மறுபடி சேர்ந்து, யாரோ இரும்பால் சிக்குக்கோலம் போட்டது மாதிரி கிடந்தன. எங்கள் வண்டி ஒரு புள்ளிகூடத் தப்பாமல் அதற்குள் போனது.

சென்ட்ரலில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். எங்கள் ஊரையே கூரையோடு உள்ளே தூக்கி வைத்தாலும் மேலே காக்கை பறக்க இடம் இருக்கும். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

வெளியே ரிக்ஷாக்காரன் வந்தான். "எங்க போவணும் தாயி?"

"மண்ணடி."

"ரெண்டு ரூபா."

"ஏன், மண்ணடின்னா மண்ணுக்கு அடியிலயா கீது, ரெண்டு ரூபா குடுத்துத் தோண்டிக்கினு போவ?"

அவன் சிரித்தேவிட்டான். ஒரு ரூபாய்க்கு ஏற்றிக்கொண்டான்.

லாட்ஜ் மூன்று மாடி. கீழே கண்ணாடிப் பலகைக்குப் பின்னால் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டேன். ஆனால் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு வேலுன்னு கீது. நீ வேலுவாம்மா?"

"வேலுவ வளர்த்தவ."

"ஆம்பள தொணை இல்லாத பொம்பளைக்கு ரூம் குடுக்கிறதில்ல. அவர் வரட்டும்."

"வரதுக்குள்ள வேற ஆளுக்குக் குடுத்துருவியே?"

"அது வழக்கம்மா," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மரியாதையாக, வாசல் வழியில் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். வருகிற போகிறவர்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று.

வெள்ளைத் துப்பட்டி போர்த்த ஒரு அம்மாள் என் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "அக்கா, பூண்டு லேகியம் வாசன வருதே. பேறுகாலத்துக்கா போறீங்க?"

அவள் பேர் பாத்துமுத்து. பழவேற்காட்டுக்காரி, ஏற்றிவிட வந்த அண்ணன் குடும்பத்தோடு பொன்னேரி வந்து ரயில் ஏறி வந்திருக்கிறாள். பினாங்கில் இருக்கிற புருஷனிடம் முதல் தடவையாகப் போகிறாள். என் கதையைக் கேட்டதும் நேரே மேனேஜரிடம் போனாள். "இவங்க எங்க அக்கா. எங்க ரூமுல இருப்பாங்க. அவங்க கொழுந்தனார் வர வரைக்கும் அந்த ரூமப் பூட்டி வையும்."

"அக்காவா?" என்றார் மேனேஜர்.

"ஒரே கப்பலு, ஒரே ஊரு. அக்கா இல்லாம பின்ன யாரு?"

அவர் வேறு ஆளுக்குக் கொடுக்க எடுத்த அந்த ரூம் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார்.

வெயில் தாழ்ந்ததும் பாத்துமுத்து என்னைத் துணி உலர்த்துகிற மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கேதான் முதல் தடவை கடலைப் பார்த்தேன். பூண்டி ஏரி நிறைந்ததைப் பார்த்து, இதற்கு மேல் தண்ணீர் ஏது என்று நினைத்திருந்தவள் நான். ஏரிக்கு அக்கரை உண்டு. இதற்கு இல்லை. அதன் ஓரத்தில் எங்கள் கப்பல் வெள்ளையாக நின்றது. ஒரு தெருவில் இந்த வாடை அந்த வாடை என்று இரண்டு பக்கத்து வீடுகளையும் மாடி மேல் மாடியாக அடுக்கித் தண்ணீரில் மிதக்கவிட்ட மாதிரி. மனிதன் இதைச் செய்தானா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பாத்துமுத்துவும் வாயில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் கப்பல். ஏறுகிற சீட்டோ எங்கே இருக்கிறது என்று தெரியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேலு வந்தான். சட்டை முழுக்கக் கரி. கையில் என் மூட்டை. முதலில் பிரித்துப் பார்த்தேன். புடவைக்குள், சாஸ்திரத்துக்குப் போட்ட மஞ்சள் அரிசியோடு எல்லாம் வைத்தபடி இருந்தது. அப்புறம்தான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

"எங்கடா கெடச்சுது?"

"பிளாட்பாரத்துல. சாமி அங்கியே நின்னுக்கினு கீறாரு அண்ணி! மடியா குளிச்சிட்டு வந்தவரு, நம்ம துணியத் தொடாம கோல்ல மாட்டிக் கொண்டாந்தாராம். கூட்டத்துல யாரும் மேல பட்டுறக் கூடாதுன்னு அந்தாண்டக் கடைசில ஒதுங்கி நின்னுட்டாரு. நான் கத்தினது கேக்கல, வண்டி பூட்சி."

"அப்புறம் ஊட்டுக்குப் போவலியா?"

"அதத்தான் நானும் கேட்டேன். 'எடுத்த பரஸ்தானத்தைத் திரும்ப ஆத்துக்குள்ள எப்படிடா கொண்டுபோவேன்? அவ கப்பல் திரும்பிடுமே'ன்றாரு. எனக்கு எதிர் வண்டி கெடைக்கவே மத்தியானம் ஆயிட்சி. அவ்ளோ நேரமும் நின்னுக்கினு கீறாரு மனுஷன். கோலு கூட்டத்துல எங்கியோ போச்சி. மூட்டைய ரெண்டு கையாலயும் மார்ல அணைச்சிக்கினு, பச்சக் கொழந்தய வச்சிக்கினு கீற மாதிரி."

மூட்டையை மறுபடி கட்டி மடியில் வைத்துக்கொண்டேன். அமாவாசை நாளில் அவருக்குக் கோயிலில் எத்தனை வேலை இருந்திருக்கும்!

"மூட்டைய வைக்காம இருந்திருந்தா இந்தப் பேஜாரே இல்ல," என்றான் வேலு.

"வைக்காம இருந்திருந்தா அவரு நின்னிருப்பாரா?" என்றேன் நான். அந்த வழக்கு எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் தீரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா இட்லி. துறைமுகத்தில் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். லேகியத்தை மோந்து பார்த்த ஆபீசர் மூடியை அவசரமாக மூடினார். கப்பலுக்குப் பக்கத்தில் போனதும் அதன் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"இரும்புதான் அண்ணி. நாங்க உருக்குறோமே, அதேதான்," என்றான் வேலு.

"ஆணியப் போட்டா முழுவுது. இது எப்பிடிடா மெதக்குது?"

வாய்க்கு வாய் பதில் சொல்கிற பிள்ளை, அன்றைக்குச் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டான். வலது காலை எடுத்து வைத்து ஏறினேன்.

கப்பல் சங்கு ஊதியது. வயிற்றுக்குள் அதிர்ந்தது. நாங்கள் அசைந்த மாதிரியே தெரியவில்லை. கரைதான் எங்களை விட்டுக் கிளம்பிப் போனது. வேலு ஒரு புள்ளியானான். பட்டணம் ஒரு கோடானது. அப்புறம் எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் ஒரு மூடி, கடல் ஒரு தட்டு. என் ஊரில் வரப்பு இல்லாத இடம் கிடையாது. இன்னார் நிலம், இன்னார் பங்கு என்று எல்லாவற்றுக்கும் கோடு உண்டு. இங்கே ஒரு கோடும் இல்லை.

நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு போய்ச் சேர ஒரு வாரம் ஆனது. கரையில் மருமகப்பிள்ளை நின்றிருந்தார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: "இன்னும் இல்ல அத்த. உங்களுக்காகத்தான் காத்துக்கினு கீது போல." நாலாம் நாள் விடியற்காலை, என் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு பெண் குழந்தை பெற்றாள். அவள் நகம் பதிந்த இடத்தை இன்றைக்கும் காட்டுவேன்.

திரும்பி வரும்போது சாமிக்கு என்று பினாங்குப் பிரம்பு ஒன்று வாங்கிவந்தேன். வழுவழுவென்று, தேன் நிறத்தில் இருக்கும். அவர் வாசலில் நின்று, "உங்க கோலு என்னால போச்சுன்னாங்க சாமி," என்று நீட்டினேன். கீழே வை என்பார், வைத்துவிட்டுத் தள்ளி நிற்கலாம் என்றுதான் போனேன். அவர் கை நீட்டி, என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். "பேத்தி எப்படியிருக்கா?" என்றார்.

நன்றாக இருக்கிறாள். என் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள். வசந்தி, அந்த போனைக் கீழே வை. இத்தனை பாடுபட்டு வந்தது உன்னைக் கையில் வாங்கத்தான். வா, முதலிலிருந்து படி, கேட்கிறேன். மண்ணடி வருகிற இடத்தில் சிரிக்காமல் படி.