எங்கள் தட்டுக்கு எடை இல்லை

கைபேசியில் அடுத்தவர் பதிவைப் பார்த்துத் தட்டுவதும் ஒரு வேலைதான். சம்பளம், சீருடை, ஓய்வு வயது எதுவும் கிடையாது, மற்றபடி ஒரு வேலைக்குரிய எல்லா அவமானமும் உண்டு.

இந்த வேலைக்கு நான் வந்து சேர்ந்த கதையை, எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகளின் வரிசைப்படியே சொல்கிறேன். முதலாவது: விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறை, வாசலில் துண்டறிக்கை கொடுத்ததற்காக என்னை வெளியே நிறுத்தியது. இரண்டாவது: நான் கட்டிய சங்கம் என்னைக் கௌரவத் தலைவர் ஆக்கியது, அதாவது மேடையில் நாற்காலி உண்டு, மைக் கிடையாது. மூன்றாவது: ஜங்ஷன் ரோட்டில் என் அறிக்கைகளை அச்சடித்துக் கொடுத்தவர், இனிமேல் கல்யாணப் பத்திரிகை மட்டும் போதும் என்று முடிவு செய்தார். நான்காவது: என் மருமகன், “மாமா, இனிமே நோட்டீஸ இதுல போடுங்க” என்று ‘தட்டு’ என்ற செயலியை என் கைபேசியில் ஏற்றிவிட்டார். இந்த வரிசையில்தான் நடந்தது. மாற்றிச் சொல்பவர்கள் நிர்வாகத்தின் ஆட்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தச் செயலியில் எழுதலாம், வீடியோ போடலாம். பிடித்தவர்கள் திரையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். தட்டு விழுந்தால் ‘முத்து’ சேரும். முத்தைக் கொடுத்து ரீசார்ஜ் செய்துகொள்ளலாம். முத்து நிறைய வைத்திருப்பவர் தட்டினால் அந்தத் தட்டுக்கு எடை அதிகம். அவர் பெரிய கை. நாங்கள் சின்னக் கை. பேட்டையிலும் அக்கம்பக்கத்திலுமாக ஆள் சேர்த்து, என்னோடு நாற்பத்தோரு பேர் ஆனோம். நீங்களும் சின்னக் கைதான் என்பது இவ்வளவு தூரம் படித்ததிலிருந்தே தெரிகிறது. பெரிய கைகள் படிப்பதில்லை.

இரண்டாவது தட்டு

மூன்று மாதமாக ஒருவர் பதிவுக்கு ஒருவர் தட்டிப் பார்த்தோம். யாருக்கும் ஒரு முத்துகூட ஏறவில்லை. ‘உழைக்கும் விரல்களின் தட்டை விழுங்கிய நிறுவனமே, கக்கு!’ என்று தலைப்பிட்டு நீண்ட அறிக்கை ஒன்றை எழுதிப் போட்டேன். எல்லோரும் அதற்கும் தட்டினார்கள். அதற்கும் ஒன்றும் ஏறவில்லை.

கோளாறைக் கண்டுபிடித்தவர் மங்கலம்பேட்டை ஜப்பார் பாய். குவைத்தில் லாரி ஓட்டுகிறார். ஊர்ப் பேச்சைக் கேட்பதற்காகவே எங்கள் கூட்டத்தில் சேர்ந்தவர். விடுமுறையில் வந்தபோது பேட்டை டீக்கடையில் எங்கள் ஆட்கள் தட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். எல்லோரும் இரண்டு முறை தட்டினார்கள். பீங்கான் வேலையில் சூளையிலிருந்து வந்த சாமானை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவோம். கணீரென்றால் நல்ல சாமான். உடனே திருப்பிப் பிடித்து மறுபக்கம் ஒரு தட்டு. விரிசல் ஒரு பக்கம் மட்டும் இருக்கலாம் அல்லவா? அதே பழக்கத்தில் திரையிலும் ஒன்று, இன்னொன்று. செயலியிலோ இரண்டாவது தட்டு முதல் தட்டை ரத்து செய்துவிடும். நான் அறிக்கையைத் திரும்பப் பெறவில்லை. அந்த வழக்கம் எனக்கில்லை. ஜப்பார் பாய் டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னது: “கம்பெனி ஒண்ணும் முழுங்கல தோழர். நீங்களே போட்டு நீங்களே எடுத்துக்கினு இருக்கீங்க.”

தூசு

ஒரு முறை மட்டும் தட்டப் பழகினோம். அப்போதும் முத்து ஏறவில்லை. நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசினேன். எடுத்த பெண் மரியாதையான பெண். ஓர் அளவுக்குக் கீழே எடையுள்ள தட்டுக்குத் ‘தூசு’ என்று பெயராம், அது பூஜ்யமாகிவிடுமாம். நாற்பத்தோரு தூசு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பூஜ்யம் ஆக்கிவிட்டுத்தான் கூட்டுவார்களாம். இப்படி ஒரு கூட்டலை எங்கள் பட்டறை முதலாளிகூட யோசித்ததில்லை. யோசித்திருந்தால் செய்திருப்பார்.

எங்கள் ஊரில் தூசை அப்படி விடமாட்டார்கள். பட்டறைத் தரையில் பெருக்கிய மண்தூளைத் தண்ணீரில் கரைத்து, சலித்து, மறுபடி மண்ணோடு சேர்ப்பார்கள். இதை அந்தப் பெண்ணுக்குக் கால்மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். எங்கள் தட்டு பூஜ்யம் என்றால் எங்களை எதற்குச் சேர்த்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். அதுவரை எழுதி வைத்ததைப் படித்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார்: “பெரிய கைங்க யாரும் எதையும் முழுசாப் பாக்கறதில்லைங்க ஐயா. பாக்கறதுக்கு ஆள் வேணுமில்ல?”

மறந்துபோன கலை

இனி கிளேஸ் அக்காவைப் பற்றி. பேட்டையில் ஒரு பட்டறையில் பதினேழு வருடமாக ஊறுகாய் ஜாடிகளைக் கிளேஸில், அதாவது பளபளப்புப் பூச்சுக் குழம்பில், முக்கி எடுப்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் மேஸ்திரியிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் கிளேஸ் அக்காதான். செயலியிலும் அதே பெயர். அவர் ஒரு வீடியோ போட்டார். முகம் கிடையாது, கை மட்டும். ஜாடியின் அடியை மூன்று விரலால் பிடித்து, குழம்பில் முக்கி, மணிக்கட்டைத் திருப்பி வழியாமல் தூக்கி, அடியை ஈர ஸ்பாஞ்சால் ஒரே சுற்றில் துடைக்கிறார். துடைக்காவிட்டால் ஜாடி சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் அவர் குரல்: ‘இப்டி… இப்டி… அவ்ளோதான், வுட்டுடணும்.’ நாற்பத்தோரு பேரும் முழுசாகப் பார்த்துத் தட்டினோம். பூஜ்யம்.

பத்து நாள் கழித்து அதே வீடியோவை ‘மண்வாசனை மன்னன்’ என்ற பெரிய கை போட்டிருந்தார். அக்காவின் குரலை எடுத்துவிட்டு வீணையை வைத்திருந்தார். முத்து மழையாகக் கொட்டியது. புகார் கொடுத்தோம். வீடியோ யாருடையது என்பதையும் தட்டின் எடையை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம், மன்னனுக்கே தீர்ப்பானது. முத்து போனதில் எனக்குக் கொதித்தது. அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. “முத்த அந்தாளே வச்சிக்கட்டும்ணா. அதுல எம் பேரு வரணும். பதினேழு வருஷமா எத்தினி ஜாடி ஊரு ஊராப் போச்சு, ஒண்ணுத்துலயும் எம் பேரு இல்ல. இதுல இருக்கறது எங் கை” என்றார். பிறகு மன்னன் வைத்திருந்த தலைப்பைக் காட்டினேன்: ‘தமிழன் மறந்துபோன கலை’. அக்கா அதை இரண்டு தடவை பார்த்தார். “யாரு மறந்தது? காலைல கூட அம்பது ஜாடி முக்கினேன்.”

ஏழாவது கோரிக்கை

வேலைநிறுத்தம் அறிவிப்பது என்று முடிவு செய்தேன். தட்டுவதில்லை, கருத்து எழுதுவதில்லை, எதையும் பார்ப்பதுமில்லை. முறைப்படி பதினான்கு நாள் முன்னறிவிப்பு கொடுத்தேன். செயலியில் அதற்கென்று இடம் இல்லாததால் ‘உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள்’ என்ற பெட்டியில் எழுதினேன். கோரிக்கைகள் ஏழு. முதலாவது தூசு ஒழிப்பு. இரண்டாவது பெரிய கைகளின் எடைக்கு உச்சவரம்பு. இப்படியே போய், ஆறாவது, என் அறிக்கைகளை முதல் பக்கத்தில் வைப்பது. ஏழாவது, வீடியோவில் உரியவர் பெயரைப் போடுவது. கீழே என் முழுப் பெயர், அதற்கும் கீழே ‘மற்றும் தோழர்கள்’.

டீக்கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நடை நன்றாக வந்திருந்தது. கிளேஸ் அக்கா கைபேசியை வாங்கி, விரலால் தள்ளித் தள்ளி அடிவரைக்கும் போய்ப் பார்த்தார். “இதுல ஆறு உங்க கோரிக்கைண்ணா. என்னுது கடைசில பஸ்ஸு படியில தொங்குது.”

கருங்காலி

ஆறையும் அடித்துவிட்டு, ஒற்றைக் கோரிக்கையைப் பதிவாகவும் போட்டு இறங்கினோம். என் வாழ்க்கையில் அப்படி இறங்கியது அதுவே முதல் முறை. உடம்பில் பாதித் துணி இல்லாதது போல இருந்தது. முதல் ஐந்து நாள் நாங்கள் நிறுத்தியதே யாருக்கும் தெரியவில்லை. ஆறாம் நாள் எங்களில் ஒருவர் தட்டியிருப்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. பேட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு ஜாடிப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிப்போகும் மாரிமுத்து. பூனை வீடியோ ஒன்றுக்குத் தட்டியிருந்தார்.

டீக்கடையில் விசாரணை வைத்தேன். சிறு விரல் செய்யும் பெருந்துரோகம் பற்றி நான் மூன்று வாக்கியம் பேசியிருப்பேன். மாரிமுத்து கையைத் தூக்கி அனுமதி கேட்டுவிட்டே குறுக்கிட்டார்: “பூனைக்கும் நிர்வாகத்துக்கும் இன்னா தோழர் சம்பந்தம்? அது பாட்டுக்குத் தூங்கிக்கினு இருந்துது.”

தூதர் பதவி

இரண்டாவது வாரம் உதவி எண் பெண்ணே என்னை அழைத்தார். மேலிடத்தில் என்னைச் ‘சமூகத் தூதர்’ ஆக்க நினைக்கிறார்களாம். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், தட்டுக்கு நல்ல எடை, அறிக்கைகளுக்கு முதல் பக்கம். வேலைநிறுத்தத்தை மட்டும் முடித்துக்கொள்ள வேண்டும். அரை நாள் யோசித்தேன் என்று எழுதத்தான் விருப்பம். ஆனால் டீக்கடைக்காரருக்குத் தெரியும், இரண்டு நாள் யோசித்தேன்.

கடைசியில் கிளேஸ் அக்காவிடமே சொன்னேன். என் தட்டுக்கு எடை கிடைத்தால் உன் வீடியோவுக்கும் நானே தட்டலாம், புகாரையும் மறுபடி எழுப்பலாம் என்று விளக்கினேன். நியாயமான யோசனைதான் என்று இன்றும் சொல்வேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “நீங்களும் பெரிய கை ஆயிட்டா, அப்புறம் எங்க வீடியோவ யாருண்ணா முழுசாப் பாப்பாங்க?”

சண்டைக்கும் ஆளில்லை

தூதர் பதவியை மறுத்தேன். மூன்றாவது வாரம், எங்கள் அறிவிப்பைப் பார்த்துப் பெண்ணாடத்துக் கரும்பு வண்டிக்காரர்கள் நிறுத்தினார்கள். ஜப்பார் பாயின் குவைத் அறைக்காரர்கள் நிறுத்தினார்கள். அவர்களைப் பார்த்து எங்களுக்கு முகம் தெரியாத ஊர்களிலும் நிறுத்தினார்கள். தட்டின் எடை துளியும் குறையவில்லை. பெரிய கைகள் ஒருவருக்கொருவர் வழக்கம்போலத் தட்டிக்கொண்டார்கள். ஒவ்வொரு பதிவின் கீழும் ‘அருமை’, ‘அருமை’ என்று மட்டும் இருந்தது. ‘எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு’ என்று சொல்ல ஆளில்லை. ‘புளியை இப்படியா கரைப்பாங்க?’ என்று கேட்க ஆளில்லை.

ஒருநாள் காலையில் மண்வாசனை மன்னனே என்னைக் கைபேசியில் அழைத்தார். குரலைக் கேட்டால் என் மருமகனைவிட இளையவர். பார்க்க ஆள் வராததால் தமிழ்ப் பக்கத்தையே மூடிவிடலாமா என்று நிறுவனம் யோசிக்கிறதாம். மூடினால் அவர் சேர்த்த முத்தெல்லாம் வெறும் எண்தான். எங்கள் ஒற்றைக் கோரிக்கையைச் சொன்னேன். எந்த வீடியோ என்று கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “பேரு போட்டுடறேன் சார். தட்டெல்லாம் விழுதுங்க, ஆனா யாருமே சண்டைக்குக் கூட வர மாட்டேங்கறாங்க. பயமா இருக்குது சார்.”

நேரலை

தீர்ப்பான வீடியோவில் பெயரை மாற்ற ஒரு விதி இருந்தது. உதவி எண் பெண் அதைப் படித்துச் சொன்னார். வீடியோவைப் போட்டவர் நேரலையில் வந்து, உரியவரின் பெயரை உரக்க வாசிக்க வேண்டும். உரியவரின் வீடியோவைப் புகாருக்கு முன்பே முழுசாகப் பார்த்த நாற்பது பேர், ‘கேட்டேன்’ என்று சாட்சி பதிய வேண்டும். சாட்சிக்கு எடை உண்டா என்று கேட்டேன். கிடையாது, ஆளுக்கு ஒன்று. முழுசாகப் பார்த்தவர்கள் உலகத்திலேயே நாங்கள் நாற்பத்தோரு பேர்தான். அக்காவைக் கழித்தால் சரியாக நாற்பது. ஒருவர் குறைந்தாலும் பெயர் ஏறாது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீக்கடையில் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தோம். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் மட்டும் வெள்ளை. ஜப்பார் பாய் குவைத்திலிருந்தே நேரலையில் சேர்ந்துவிட்டார். முப்பத்தொன்பது பேர் ஆனோம். கைபேசியைக் கடையில் சார்ஜில் விட்டுவிட்டுப் போன மாரிமுத்து, ஜங்ஷனில் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். கேட் திறக்கும்வரை மன்னன் திரையில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மாரிமுத்து ஆட்டோவைக் கடை வாசலில் ஓரங்கட்டாமலே இறங்கி ஓடிவந்தார்.

“‘கிளேஸ் அக்கா’ன்னு படிச்சிடவாங்க?” என்றார் மன்னன். “அது கூப்புடற பேரு. எம் பேர எழுதி அனுப்பறேன், இருங்க” என்றார் அக்கா. அவர் எழுதும்போது நானும் எட்டிப் பார்த்தேன். பதினேழு வருடப் பழக்கம், அன்றுதான் பார்த்தேன். மன்னன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “திருமதி அஞ்சலி…” என்று ஆரம்பித்தார். கடையே சிரித்தது. “மாலை வாங்கியாறட்டுமா?” என்றார் மாரிமுத்து. “அஞ்சலின்னா செவுத்துல போட்டோ போட்டு ஒட்டறது சார். நான் உசுரோடதான் இருக்கேன். முழுசாப் படிங்க” என்றார் அக்கா. “அவசரமில்ல தம்பி, கூட்டிப் படி” என்றார் குவைத்திலிருந்து ஜப்பார் பாய்.

எத்தனையோ நிர்வாகங்களிடம் எத்தனையோ பக்கம் எழுதி நீட்டிய எனக்கு, எதிர்த்தரப்பு ஒன்றை முழுசாக வாசித்துக் கேட்கக் கிடைத்தது, தட்டுக்கு எடையே இல்லாத நாற்பது பேர் சாட்சியாக, நான் எழுதாத இந்த ஒரு வரிதான்: “ப. அஞ்சலாட்சி, விருத்தாசலம்.”