முட்டை அட்டையில் முப்பது குழி

பக்கத்து வீட்டுக்காரியின் மகள் மேல் எனக்குப் பொறாமை. அந்தப் பெண்ணுக்கு வயது நாலு. இதற்குக் கௌரவமாக வேறு ஏதாவது பெயர் வைக்கலாமா என்று நிறைய யோசித்துப் பார்த்துவிட்டேன். அக்கறை, கவலை, பிள்ளையின் எதிர்காலம், எதைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருக்கிறது. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

ஓசூரில் ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடுகள் உள்ள வரிசையில் குடியிருக்கிறோம். எங்களுடையது மூன்றாவது, அவளுடையது நான்காவது. நான் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கடைசிச் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வரும் பொருளைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, சரியென்றால் பச்சைப் பெட்டி, தப்பென்றால் சிவப்புப் பெட்டி. பதினோரு வருடமாக இதுதான் வேலை. காலை ஷிஃப்ட் என்றால் விடியுமுன் கம்பெனி பஸ் வந்துவிடும். மகளை எழுப்பி எல்.கே.ஜி.க்கு அனுப்புவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. மதியம் பள்ளி விட்டதும் நான் வரும்வரை அவள் பக்கத்து வீட்டில் இருப்பாள்.

பக்கத்து வீட்டுக்காரி சூளகிரிப் பக்கம், வீட்டில் பேசுவது தெலுங்கு. ஐந்தாவதுவரை படித்தவள். ஒரு சின்ன ரப்பர் யூனிட்டிலிருந்து காலையில் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து அவள் வாசலில் இறக்குவார்கள். உள்ளே கட்டைவிரல் பருமனில் ரப்பர் புஷ், வண்டியில் அதிர்வு தாங்கப் போடும் சின்னக் குழல். அச்சிலிருந்து வரும்போது ஓரத்தில் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கத்தரியால் நறுக்கிச் சுத்தம் செய்து கொடுக்க வேண்டும். சுத்தம் செய்ததை அவள் எண்ணமாட்டாள். முட்டை வாங்கும்போது வருமே அந்த அட்டை, அதில் குழிக்கு ஒன்றாக வைப்பாள். ஓர் அட்டைக்கு முப்பது குழி. நிரம்பினால் பையில் கவிழ்த்துவிட்டு அடுத்தது. "எண்ணிக்கினே இருந்தா யாராச்சும் பேச்சுக் குடுத்ததும் மறந்துபூடும்க்கா. அட்ட மறக்காது" என்பாள். அவள் மகளும் என் மகளும் அந்த அட்டைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து குழிகளை நிரப்புவார்கள். விளையாட்டுதானே என்று நானும் விட்டிருந்தேன்.

அவள் மகள் போவது அங்கன்வாடிக்கு. எண் சொல்லச் சொன்னால் ஒண்ணு, ரெண்டு, மூடு, நாலுகு என்று இரண்டு மொழியில் ஓடி ஏழுக்குப் பிறகு நேராகப் பத்துக்குப் போய்விடுவாள். என் மகள் இங்கிலீஷில் நூறுவரை மூச்சு விடாமல் சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்ல வைப்பேன். கிருஷ்ணகிரியிலிருந்து என் தம்பி வந்தபோது இரண்டு தடவை சொல்ல வைத்தேன். பீற்றிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது நமக்கு?

ஒரு நாள் மூன்று மணிக்கு மகளை அழைத்துக்கொள்ளப் போனேன். அட்டையில் அங்கங்கே குழி காலியாக இருந்தது. அவள் மகள் ஒரு தடவை பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை, விரலும் நீட்டவில்லை. குவியலில் கைவிட்டு நாலு புஷ்ஷை எடுத்து வந்து நாலு குழியில் போட்டாள். மிச்சமும் இல்லை, குறைச்சலும் இல்லை. நான் சோதனைப் பிரிவு ஆள் அல்லவா, சும்மா இருக்க முடியுமா? என் மகளிடம், "பாப்பா, அம்மாவுக்கு நாலு எடுத்துட்டு வா" என்றேன். அவள் ஒன், டூ, த்ரீ என்று ஆரம்பித்தாள். வாய் பன்னிரண்டைத் தாண்டிப் போனது. கை ஒவ்வொன்றாக அள்ளி என் மடியில் கொட்டிக்கொண்டே இருந்தது. நாலில் நிறுத்த வேண்டும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நூறுவரை தெரிந்த என் பிள்ளைக்கு நாலு என்றால் எவ்வளவு என்று தெரியாது.

அன்றிலிருந்து எனக்குக் கண் அந்தப் பெண் மேலேயே. எந்த டப்பாவுக்கு எந்த மூடி என்று போட்டுப் பார்க்காமலே எடுப்பாள். பெரிய டப்பாவுக்குள் நடு டப்பா, அதற்குள் சின்ன டப்பா என்று அடுக்கி அலமாரியில் இடம் பண்ணுவாள். ஆறு ஆறாக ஐந்து வரிசை இருக்கும் அட்டையைத் திருப்பி, ஐந்து ஐந்தாக ஆறு வரிசை என்று பார்த்துவிட்டு அவளாகவே சிரித்துக்கொள்வாள். எப்படி என்று கவனித்தேன். அவள் அம்மா நாள் பூராவும் பேசிக்கொண்டே இருக்கிறாள். "அந்தாண்ட வரிசைல ஓரத்துக் குழி பாரு." "அதுக்கு அடில வெய்யி." "இத்த தலகீழா திருப்பு." வேலையின் பேச்சுதான், பாடம் ஒன்றும் இல்லை. நான் என் மகளிடம் பேசுவதை நினைத்துப் பார்த்தேன். சீக்கிரம். ஷூ போடு. வாயைத் திற. டைரி எங்கே. இதைத் தாண்டி ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வாசலில் நின்று, "அக்கா, இன்னிக்கி உங்க பாப்பா என்னா பண்ணுச்சு தெரியுமா? ஒரு வரிசை காலியா கீது. நான் கேக்கவேயில்ல. தானா போயி கரெக்டா ஆறு எடுத்துக்கினு வந்துச்சு" என்றாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. நானும் சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் நான். ஃபீஸ் கட்டுபவள் நான். என் பிள்ளை முதல்முதலாக நிஜமாக எண்ணினதைப் பார்த்தவள் அவளா? அந்த ஆறு எனக்குச் சேர வேண்டியது. அதை அவள் வாயால் செய்தியாகக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். என் மகள் கற்றுக்கொள்வதென்றால் அது என்னிடம்தான் இருக்க வேண்டும் என்று அன்று வைராக்கியமாக முடிவு கட்டினேன்.

மறுநாளே நிறுத்திவிட்டேன். "ஸ்கூல்லயே மதியம் பாத்துக்கறாங்களாம்மா, இனிமே அங்கேயே இருக்கட்டும்" என்று அவளிடம் சொன்னேன். "சரிங்க்கா" என்றாள். சாயங்காலம் அவள் மகள் வந்து எங்கள் கதவைத் தட்டினாள். "பாப்பா படிக்கிறா" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளும் தட்டினாள், மறுநாளும் அதையே சொன்னேன்.

வீட்டில் நான் ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறையில் ஆரம்பித்தேன். சுவரில் மார்க் குறிக்கக் கட்டம் போட்ட ஒரு தாள் ஒட்டினேன். பச்சை டப் ஒன்று, சிவப்பு டப் ஒன்று, இரண்டும் துணி ஊறவைக்கும் பெரிய டப். தினம் பத்துக் கேள்வி. சரியாகச் சொன்னால் ஒரு பட்டன் பச்சையில் விழும், தப்பானால் சிவப்பில். சரி என்றால் ஓகே, தப்பு என்றால் என்.ஜி. என்று கம்பெனியில் சொல்வதையே அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். மரத்தில் செய்த ஒரு படப் புதிரும் ஆன்லைனில் வாங்கினேன். எந்தத் துண்டை முதலில் வைப்பது, எதை அடுத்து வைப்பது என்று வரிசை சொல்லிக் கொடுத்தேன். நாலே நாளில் கடகடவென்று வைத்தாள். ஐந்தாம் நாள் சோதிக்கலாம் என்று பலகையைப் பாதி சுற்றித் திருப்பி வைத்தேன். முதல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். என் வீட்டுக்காரர் தட்டில் சோற்றைப் பிசைந்தபடி, "பாப்பா என்ன பிஸ்டனா? செக் பண்ணி பெட்டில போட்டு அனுப்பறதுக்கு" என்றார். "உங்க வேலையப் பாருங்க" என்றேன். சுருக்கென்று இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை.

மூன்று வாரம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கறிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளை சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால் சிவப்பு டப்புக்குள் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சர்ச்சுக்குப் போட்ட கவுன்கூட மாற்றவில்லை.

"எந்திரி. அங்க என்ன பண்ற?"

"நான் என்.ஜி.ம்மா" என்றாள். "நான் இதுலதான் இருக்கணும்."

அழவில்லை, கோபமும் இல்லை. எது எந்தப் பெட்டியில் போகும் என்பதை என்னிடம் சரியாகக் கற்றுக்கொண்டு சொன்னாள், அவ்வளவுதான். தூக்கினேன். அடுப்பில் வெங்காயம் கருகும் வாசனை வந்தது, போகட்டும் என்று விட்டேன். சுவரிலிருந்த தாளைக் கிழித்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

அடுத்த நாள் மூன்றரை மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு நான்காவது வீட்டு வாசலில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், அத்தனை வழி ஒன்றும் இல்லை, பத்தடி தூரம்தான். அவள் மூட்டையைத் தள்ளி இடம் பண்ணினாள். பிள்ளைகள் இரண்டும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தன. நானும் உட்கார்ந்து ஒரு கத்தரியை எடுத்தேன். நறுக்கி வைக்கும்போது பழக்கத்தில் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன் போல.

"எண்ணாதம்மா" என்றாள் என் மகள். "பாரு. அந்தாண்ட ரெண்டு குழி காலியா இருக்குது."

இருந்தது. ரெண்டே ரெண்டு குழி. என் மகள் சொன்னாள் என்று பூரிக்க வேண்டியவள், அந்த 'அந்தாண்ட' பக்கத்து வீட்டுக்காரியின் வார்த்தை ஆயிற்றே என்று முதலில் நினைத்தேன். திருந்தின லட்சணம் இது.

அப்போதுதான் அவள் மகள் எழுந்து மூட்டைப் பக்கம் போனாள். கெண்டைக்காலில் சிவந்த கோடு. ஒன்று இல்லை, இரண்டு.

"என்னாச்சும்மா கால்ல?"

பக்கத்து வீட்டுக்காரி கத்தரியை நிறுத்தவில்லை. "நான்தாங்க்கா" என்றாள். "உங்க பாப்பா நூறுவரிக்கும் இங்கிலீஸ்ல சொல்லுது. இது பத்தையே தாண்டமாட்டேங்குது. இதுகூட சேந்தா உங்க பாப்பா படிப்பு கெட்டுப்பூடும்னுதான் நிறுத்திட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்கோசரம் தெனமும் சாயங்காலம் உக்கார வெச்சி சொல்லிக் குடுத்தேன். வரல. நேத்து கரண்டி கைல இருந்துச்சு." நறுக்கினதைக் குழியில் வைத்துவிட்டு, "நீங்க எப்படிக்கா சொல்லிக் குடுத்தீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள்.

எனக்கு முதலில் இரக்கம் வந்தது என்று இங்கே எழுதினால் அது பொய். முதலில் சந்தோஷம் வந்தது. இவளும் எரிந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, என் பிள்ளையைப் பார்த்து. அந்தச் சந்தோஷம் ஒரு புஷ் நறுக்கும் நேரம் இருந்திருக்கும். அதற்குள் அந்தப் பெண் இரண்டு கையிலும் எண்ணி அள்ளிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள், அடிபட்ட காலை மடக்காமல் நீட்டி வைத்துக்கொண்டு.

சொல்லாமல் விடலாம். அவள் என்னிடம் இங்கிலீஷ் எண் கேட்டுத் தினமும் வருவாள், நான் அக்காவாக இருக்கலாம். இருந்தும் அந்தக் கரண்டி இன்னும் அவள் அடுப்படியில்தானே இருக்கிறது?

"நூறு வெறும் பாட்டும்மா" என்றேன். "என் பொண்ணுக்கு நாலுன்னா எவ்வளவுன்னு அப்பத் தெரியாம இருந்துச்சு. உன் பொண்ணுக்குத் தெரியும். அதப் பாத்துப் பொறுக்காமத்தான் நான் பாப்பாவ நிறுத்தினேன். படிப்பு கெட்டுப்போகும்னு இல்ல. பொறாமை."

அவள் கத்தரி நின்றது. "என் பொண்ணப் பாத்தா?" என்றாள். "நீங்களா?"

"நான்தான்."

மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அந்தக் காலைக் கையால் மூடிக்கொண்டு, தெலுங்கில் அவள் காதில் ஏதோ சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள், அப்படி ஒரு பெருமை அந்த முகத்தில். அதைப் பார்த்ததும், சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது.