மிளகாய்த்தூள் டின் பட்டம்

பாரிஸ் லா ஷப்பெல் கடையொன்றில் மெக்சிக்கோ மல்யுத்த முகமூடி தொங்கியது. சின்ன வயதில் அப்பா கொண்டுவந்த மல்யுத்த வீடியோ கசெட் ஞாபகம் வந்தது. அதில் மூன்றில் இரண்டு தரம் விழுத்தினால்தான் சம்பியன் பட்டம்.

அண்ணையும் நானும் கம்பளித் தொப்பியை முகம் மறைய இழுத்துவிட்டு மெத்தையில் மோதுவோம். வென்றவரின் வயிற்றில் மிளகாய்த்தூள் டின் மூடியைச் சம்பியன் பெல்ட்டாக நாடாவால் கட்டுவோம். தும்மிக்கொண்டேதான் சம்பியனாக இருக்கவேண்டும். மூடியில் பெயர்களையும் எழுதினோம். அண்ணை பதினொரு தரம், நான் ஒரே தரம்.

ஒருநாள் அம்மா மூடியைத் தேடி வந்தார். இருவரையும் இரண்டு தரம் மெத்தையில் அழுத்தி, மூன்றுவரை எண்ணிவிட்டு, மூடியோடு சமைக்கக் குசினிக்குப் போனார்.

கடை வாசலிலேயே ஃபோனில் தேடினேன். அந்த மெக்சிக்கோப் பட்டம் இப்போது இல்லையாம். கடைசிச் சம்பியனை யாரும் வெல்லவேயில்லை.

அம்மாவுக்குக் கோல் எடுத்தேன். “அந்த மூடி இருக்கோ?”

“ஓம், தூள் டின்னிலைதான். கடைசியா என்ரை பேரை எழுதி வச்சிருக்கிறன். வேணுமெண்டா வந்து விழுத்திப்போட்டு எடு.”