அந்த மத்தியானம் எனக்கு இல்லை

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் எனக்கு வேலை. சத்தீஸ்கர் பக்கம் வண்டி நின்றிருந்தபோது, ஏணியில் ஏறியவன் பாதியில் நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது. சில நாட்களாகப் பல் விளக்கினால் ரத்தமும் வந்துகொண்டிருந்தது. வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டேன். உடன் இருந்தவர்கள்தான் பிடிவாதமாக ரயிலேற்றிச் சொந்த ஊரான திருச்செங்கோட்டுக்கு அனுப்பினார்கள்.

சேலத்தில் எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். அக்யூட் லுகேமியா (முதிராத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்) என்றார்கள். கீமோ தொடங்கியது. அந்த மருந்து கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் அழித்துவிடும். நல்லவை மறுபடி உருவாகும் வரை உடம்புக்குக் காவல் கிடையாது. அந்த இடைவெளியில்தான் காய்ச்சல் வந்தது, பிறகு இருமல், பிறகு இரண்டு பக்கமும் நிமோனியா (நுரையீரலில் கிருமித்தொற்று).

தீவிர சிகிச்சைப் பிரிவில், முகத்தோடு இறுக்கிக் கட்டிய மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தினார்கள். என்னால் அதோடு இருக்க முடியவில்லை. பிடுங்குவேன், நர்ஸ் மாட்டுவார், மறுபடி பிடுங்குவேன். படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. அடுத்த மூச்சு ஒன்றுதான் வேலையாக இருந்தது.

டாக்டரம்மா வந்தபோது என் மனைவி சுமதியும் அவள் அண்ணனும் அருகில் நின்றார்கள். வெளியே போய்ப் பேசலாம் என்றார் மச்சான். நான் தெளிவான நினைவோடு இருப்பதால் என்னிடமே கேட்கவேண்டும் என்று சொல்லி டாக்டர் மறுத்துவிட்டார்.

"மாஸ்க் போதலைங்க. தொண்டையில டியூப் போட்டு மெஷின்ல வைக்கணும். ரத்தப் புற்றுநோய் இருக்கறப்ப நுரையீரலும் கெட்டுப்போனா, நிறையப் பேர் திரும்பி வர்றதில்ல. வர்றவங்களும் இருக்காங்க. சில நாள் முழுசா முயற்சி பண்ணுவோம். தேறுதான்னு பார்த்துட்டு மறுபடி பேசுவோம்."

மாஸ்க்கை விலக்கிக்கொண்டு சொன்னேன்: "போடுங்க. தேறாதுன்னு தெரிஞ்சா இழுத்துட்டு இருக்காதீங்க."

சுமதி என் கையைப் பிடித்தாள். "நான் இங்கயேதானுங்க இருப்பேன்" என்றாள்.

டியூப் போட மயக்க மருந்து கொடுத்தார்கள். உடனே விழித்துக்கொண்டேன். அப்படித்தான் எனக்குத் தோன்றியது; நடுவில் பல நாட்கள் போயிருந்தன. டியூபைப் பிடுங்காதபடி கைகளைக் கட்டியிருந்தார்கள். சுவரிலிருந்து தண்ணீர் பீறிடுகிறது, யாரும் அதை அடைக்காமல் என்னையே பார்க்கிறார்கள் என்று கோபம் வந்தது. அது டெலிரியம் (கடும் நோயில் வரும் மனக்குழப்பம்), சரியாகிவிடும் என்றார்கள். சரியாயிற்று. குரல் திரும்ப நாளாயிற்று. டீ டம்ளரைத் தூக்க அதைவிட நாளாயிற்று. மறுபடி மஜ்ஜையைப் பரிசோதித்தபோது நோய் அடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சுமதி சொன்னாள். நான் மயக்கத்தில் இருந்தபோது ஒரு நாள் சிறுநீர் பிரிவது நின்றுவிட்டதாம்; சிறுநீரகமும் கெட்டுவருகிறது என்றார்களாம். மத்தியானம் டாக்டரம்மா அவர்களை உட்காரவைத்து, நான் சொன்னதை நினைவுபடுத்தினாராம். எதையும் நிறுத்தக்கூடாது என்று மச்சான் சண்டை போட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"அவரு சொன்னபடியே செய்யுங்க, சாயங்காலம் வரைக்கும் மட்டும் பாருங்கன்னு சொன்னனுங்க." ரசத்தை ஊற்றினாள். "சாயங்காலம் மூத்திரம் வந்துருச்சுன்னு நர்ஸம்மா வந்து சொன்னாங்க. அதுக்கப்பறம் என்னால எந்திரிக்கவே முடியல."

சாப்பாட்டை விட்டு எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். மூச்சுத் திணறலில் நான் ஒரே வரியில் சொன்னதை அவள் ஒரு மத்தியானம் முழுக்கச் சுமந்திருக்கிறாள்.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். பேச மூச்சு இருக்கும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். எனக்கு இன்னும் கீமோ பாக்கியிருக்கிறது. அதனால் நாங்களும் மறுபடி பேசினோம். என் பதில் மாறவில்லை. அவள், "இனி அண்ணனைக் கூப்பிட வேண்டாம். நானே பார்த்துக்கறனுங்க" என்றாள்.

என் உடம்பு எனக்குப் பழகிய உடம்பாக இல்லை. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் களைத்துவிடுகிறது. ஓரிடத்தில் இருக்கவும் முடிவதில்லை. விட்டுப்போன நாட்கள் எனக்கு இல்லவே இல்லை. அவளுக்கோ அவை இன்னும் முடியவில்லை. மத்தியானத்தில் நான் கண்ணயர்ந்தால், கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடி நிற்கிறாள். அவள் வருவது தெரிந்தால் வேண்டுமென்றே புரண்டு படுக்கிறேன். அவள் திரும்பிப் போகிறாள்.